எச்டிஎம்எல் கோடை எழுத்தாகவே காட்டுவது எப்படி? நான் எழுதும் டேக் எல்லாம் பக்கத்தில் மறைந்துபோகிறது

ஒண்டிக்கடை டீச்சர்

வணக்கம். ஏற்காட்டில் சனி, ஞாயிறு மாலையில் பதினோரு பிள்ளைகளுக்கு எச்டிஎம்எல், அதாவது < > குறிகளுக்குள் டேக் என்ற உத்தரவுகளை எழுதி வலைப்பக்கம் அமைக்கும் மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிறவர்கள், பாதிப் பேர் வீடு காபித் தோட்டத்து லைனில். என்னிடம் இருப்பது இரண்டே லேப்டாப். அதனால் நடத்தும் பாடத்தை ஒரு பதிவாக எழுதிப் போட்டுவிடுகிறேன். மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போய் வகுப்பு நடக்காத வாரங்களில் பிள்ளைகள் வீட்டுப் போனில் அதைத் திறந்து, கோடைக் காப்பி செய்து, போனில் இருக்கும் எடிட்டரில் ஒட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

போன வாரம் டேபிள் (அட்டவணை) பாடம். தட்டுவடை செட் கடை விலைப்பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டேன், பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம் என்பதால். தட்டுவடை செட், முறுக்கு செட், டீ & காபி என்று மூன்று வரிசை. கோடை எழுதிப் பதிவில் ஒட்டினேன். திறந்து பார்த்தால் கோடைக் காணவில்லை, விலைப்பட்டியல் மட்டும் கட்டம் கட்டமாக அழகாக நிற்கிறது. அதை எப்படி எழுதுவது என்று காட்டத்தானே பாடமே!

அதற்கு முந்தைய பாடத்தில் நடந்தது இன்னும் மோசம். "பத்தியைத் தொடங்க இந்த டேக்கை எழுதுங்கள்" என்று சொல்லி டேக்கை எழுதியிருந்தேன், பக்கத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி, "மிஸ், என்ன எழுதணும்னு நீங்க சொல்லவே இல்லையே" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

செய்து பார்த்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மேற்கோள் குறிக்குள் போட்டேன், பலனில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாகப் போட்டேன். கோட் தெரிந்தது, ஆனால் காப்பி செய்ய முடியாது, சின்னப் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டியிருந்தது. ஒரு பையன் ஒரு மூடும் டேக்கை விட்டுவிட்டான், பக்கம் முழுக்கத் தடித்த எழுத்தாகிவிட்டது.

கடைசியாக ஒரு வினோதம். டேக் பெயரையே தமிழில் எழுதினால் என்ன ஆகும் என்று <அட்டவணை> என்று ஆரம்பித்து </அட்டவணை> என்று முடித்தேன். திறக்கும் டேக் பக்கத்தில் அப்படியே தெரிகிறது, மூடும் டேக் மட்டும் மாயம். ஏன் ஒன்று தெரிந்து இன்னொன்று மறைகிறது? காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெறும் வழி மட்டும் போதாது, பிள்ளைகள் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.

சூரமங்கலம்

டீச்சர், பிரீ டேக்குக்குள் போட்டுப் பாருங்கள். கோட் காட்டுவதற்கென்றே இருக்கும் டேக் அது. நான் என் பக்கத்தில் சி மொழி நிரல்களை எல்லாம் அப்படித்தான் போடுகிறேன், வரி பிசகாமல் வருகிறது.

ஒண்டிக்கடை டீச்சர்

போட்டுப் பார்த்துவிட்டேன் சார், அதை எழுத விட்டுவிட்டேன். பிரீக்குள் போட்டாலும் விலைப்பட்டியல்தான் வருகிறது. எழுத்து மட்டும் டைப்ரைட்டர் எழுத்துப் போல மாறியிருக்கிறது.

குகை நெசவுக்காரர்

டீச்சர், நான் பகலில் ஒரு கம்பெனிக்கு வெப் வேலை பார்க்கிறேன், இந்தத் தொல்லையில் நானும் ஒரு காலத்தில் கிடந்தவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரவுசர் உங்கள் பக்கத்தை இடமிருந்து வலமாக ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டே வருகிறது. < என்ற குறியைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, அடுத்த எழுத்து என்ன என்று பார்க்கும். அது ஆங்கில எழுத்தாக இருந்தால், "சரி, இங்கே ஒரு டேக் தொடங்குகிறது" என்று முடிவு செய்துவிடும். அதற்கப்புறம் > வரும்வரை உள்ளவை எல்லாம் அதற்கு உத்தரவு, வாசகருக்குக் காட்டவேண்டிய எழுத்து அல்ல. மேற்கோள் குறியைச் சுற்றி வைத்தாலும் அது கண்டுகொள்ளாது, பத்திக்கு நடுவே மேற்கோள் குறி அதற்கு ஒரு சாதாரண எழுத்து, அவ்வளவுதான்.

உங்கள் வினோதத்துக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. <அட்டவணை> என்பதில் < குறிக்கு அடுத்து வருவது அ, ஆங்கில எழுத்து இல்லை. அதனால் பிரவுசர் "இது டேக் இல்லை, ஏதோ சிறிது என்ற கணக்குக் குறி" என்று விட்டுவிட்டு அப்படியே காட்டுகிறது. 5 < 10 என்று எழுதினால் சரியாகத் தெரிவதும் இதனால்தான். ஆனால் </ என்று இரண்டு குறியும் சேர்ந்து வந்து, அதன் பின் ஆங்கில எழுத்து இல்லாமல் வேறு ஏதாவது வந்தால், விதி வேறு. அங்கிருந்து > வரை உள்ளதை அது ஒரு குறிப்புரையாக, அதாவது காட்டக் கூடாத கமெண்டாக எடுத்துக்கொள்ளும். பிழையான கமெண்ட் என்று அதற்கே தெரியும், இருந்தாலும் மறைத்துவிடும். இது ஒரு பிரவுசரின் கோளாறு அல்ல, எச்டிஎம்எல் விதிமுறையிலேயே இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் தற்செயலாகச் செய்து பார்த்தது நல்ல சோதனை டீச்சர், பிள்ளைகளுக்கும் அதையே செய்து காட்டுங்கள்.

இப்போது வழி. < குறியை நேராக எழுதாமல் அதன் எண்ணை எழுத வேண்டும். அந்தக் குறியின் எண் 60. அதை &#60; என்று எழுதினால் பிரவுசர் பக்கத்தில் < என்று வரைந்து காட்டும், ஆனால் டேக்காக எடுக்காது. அதே மாதிரி > குறிக்கு &#62; என்றும், & குறிக்கு &#38; என்றும் எழுதுங்கள். எண்ணுக்குப் பதில் பெயராகவும் எழுதலாம்: & போட்டு, ஒட்டி எல், டி என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்து, அப்புறம் அரைப்புள்ளி; > குறிக்கு ஜி, டி; & குறிக்கு ஏ, எம், பி. நினைவில் நிற்க அந்தப் பெயர்கள் நல்லது, ஆனால் எண் என்ன என்று தெரிந்துகொண்டால் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கதவு திறக்கும். ஏனென்றால் எல்லா எழுத்துக்கும் இப்படி ஒரு எண் உண்டு. &#2949; என்று எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் அ வந்து நிற்கும். &#2970;&#3015;&#2994;&#2990;&#3021; என்று எழுதினால் சேலம் என்று வரும். ஐந்து எண் எதற்கு என்று கேட்பார்கள். ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி என்று யூனிகோடில், அதாவது இந்த எண்களின் பொதுப் பட்டியலில், ஐந்தும் தனித்தனி. அதற்கே ஒரு வகுப்பு போகும்.

ஆக உங்கள் பாடத்தில் ஒரு வரி இப்படி இருக்க வேண்டும் (டிடி என்பது டேபிளில் ஒரு கட்டத்துக்கான டேக்; பெயரை இங்கே தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்):

&#60;டிடி&#62;தட்டுவடை செட்&#60;/டிடி&#62;

பக்கத்தில் அது <டிடி>தட்டுவடை செட்</டிடி> என்று தெரியும். பிள்ளைகள் காப்பி செய்தால் அவர்கள் கைக்குப் போவதும் அசல் < குறிதான், 60 என்ற எண் அல்ல. நீங்கள் கேட்டது இதுதானே.

சூரமங்கலம் சார் சொன்ன பிரீ தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. பிரீ என்ன செய்கிறது என்றால் வரிப்பிளவையும் வரிக்கு முன்னால் விடும் இடைவெளியையும் காப்பாற்றுகிறது. சாதாரணமாகப் பிரவுசர் பத்து இடைவெளியை ஒன்றாகச் சுருக்கிவிடும், பிரீக்குள் சுருக்காது. ஆனால் டேக்கை வாசிப்பதை அது நிறுத்தாது. சி நிரலில் கோணக் குறி குறைவு என்பதால் அவருக்குப் பிரச்சினை தெரிந்திருக்காது. முதலில் குறிகளை எண்ணாக மாற்றிவிட்டு, அப்புறம் மொத்தத்தையும் பிரீக்குள்ளும் அதற்குள் கோட் என்றே பெயருள்ள டேக்குக்குள்ளும் வையுங்கள்.

சூரமங்கலம்

உண்மைதான். நீங்கள் சொன்னதும் என் பழைய பக்கங்களைப் போய்ப் பார்த்தேன். சி நிரலின் முதல் வரியில் இன்க்ளூட் என்று எழுதி, கோணக் குறிக்குள் கோப்பின் பெயர் வருமே, அந்தப் பெயர் ஒரு பக்கத்தில்கூட இல்லை. எல்லா நிரலிலும் இன்க்ளூட் என்ற சொல்லோடு வரி நின்றுபோயிருக்கிறது. எத்தனை பேர் காப்பி செய்து ஓடாமல் விட்டார்களோ தெரியவில்லை, இன்று இரவே உட்கார்ந்து திருத்துகிறேன். டீச்சர், தவறான யோசனை சொன்னதற்கு மன்னிக்கவும்.

மரவனேரி

இவ்வளவு கஷ்டம் எதற்கு? எக்ஸ்எம்பி என்று ஒரு டேக் உண்டு. அதற்குள் எதை எழுதினாலும் பிரவுசர் அப்படியே காட்டும், எண் எதுவும் மாற்ற வேண்டாம். இன்றைக்கும் வேலை செய்கிறது, இப்போதுதான் போட்டுப் பார்த்தேன்.

குகை நெசவுக்காரர்

வேலை செய்யும் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் 1997இல் வந்த எச்டிஎம்எல் 3.2 விதிமுறையிலேயே அதை வழக்கொழிந்த டேக் என்று சொல்லிவிட்டார்கள், இப்போதைய விதிமுறையும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கிறது. பழைய பக்கங்கள் உடையக் கூடாது என்பதற்காகப் பிரவுசர்கள் இன்னும் வைத்திருக்கின்றன. நமக்கு அவசரத்துக்கு ஆகும், பாடம் எழுதுகிற இடத்தில் வேண்டாம். பிள்ளைகள் நாம் காட்டுவதைத்தான் பழகுவார்கள், பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கிற பிள்ளையும் அந்தப் பதினோரு பேரில் ஒன்று இருக்கும்.

இதே மாதிரி இன்னொரு குறுக்குவழியையும் சிலர் சொல்வார்கள்: < போலவே தோன்றும் வேறு குறியை, ‹ மாதிரி ஒன்றைப் போடுவது. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், காப்பி செய்து ஒட்டினால் ஓடவே ஓடாது, ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் செய்ய முடியாது, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

நாகலூர் மிளகுக்கொடி

அக்கா, நானும் ஏற்காட்டுப் பக்கம்தான். ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், நான் பட்ட அடி. கையால் ஒவ்வொரு குறியாக மாற்ற மாட்டீர்கள், நோட்பேடில் ஒட்டித் தேடி-மாற்று கொடுப்பீர்கள். அப்போது வரிசை முக்கியம். முதலில் & குறியை மாற்றுங்கள், அப்புறம்தான் < குறியும் > குறியும்.

தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலில் < எல்லாம் &#60; ஆகிவிடும். அடுத்து & குறியை மாற்றச் சொன்னால், இப்போது புதிதாக வந்த & குறிகளும் சேர்ந்து மாறி &#38;#60; என்று ஆகும். பக்கத்தில் < தெரிவதற்குப் பதில் &#60; என்ற எழுத்தே தெரியும். நான் இருநூறு வரிக் கோடில் இதைச் செய்துவிட்டு ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன்.

அப்புறம், பிளாக்கரோ வேர்ட்பிரஸோ எதில் எழுதினாலும், எழுதும் இடத்துக்கு இரண்டு பார்வை உண்டு. ஒன்று கோட் தெரியும் பார்வை, இன்னொன்று பக்கம் எப்படி வருமோ அப்படித் தெரியும் பார்வை. இரண்டாவதில் நீங்கள் < என்று தட்டினாலே அது தானாக மாற்றிச் சேமித்துக்கொள்ளும். அங்கே போய் &#60; என்று தட்டினால் இரட்டை மாற்றம் ஆகி எண்தான் தெரியும். ஆகவே எண் எழுதுவது கோட் பார்வையில் மட்டும். வேர்ட்பிரஸில் கோடுக்கென்றே தனிக் கட்டம் ஒன்று இருக்கிறது, அதில் ஒட்டினால் மாற்றும் வேலையை அதுவே செய்துகொள்கிறது.

ஒண்டிக்கடை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மழையோடு உட்கார்ந்து மூன்று பாடத்தையும் மாற்றினேன். வரிசைப்படி & முதலில், பிறகு < , பிறகு >. சேமித்துத் திறந்தால் கோட் தெரிகிறது! ஆனால் ஒவ்வொரு < குறிக்கும் டேக் பெயருக்கும் நடுவில் ஒரு ந நிற்கிறது. ஒவ்வொரு > குறிக்குப் பின்னும் ஒரு ந. பக்கம் முழுக்க நூற்றுக்கும் மேல். டீ & காபி என்ற இடத்தில்கூட & குறிக்கு அடுத்து ந. நான் ந எழுதவே இல்லையே என்று குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

நாகலூர் மிளகுக்கொடி

அக்கா, நீங்கள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறீர்களா?

ஒண்டிக்கடை டீச்சர்

ஆமாம், அதில்தான் பழக்கம்.

நாகலூர் மிளகுக்கொடி

அதுதான். தமிழ்99இல் அரைப்புள்ளி இருக்கும் விசையில் ந இருக்கிறது. மாற்று என்ற கட்டத்தில் தட்டும்போது விசைப்பலகை தமிழில் இருந்திருக்கிறது, நீங்கள் அரைப்புள்ளி என்று நினைத்துத் தட்டியது ந ஆகி, &#60ந என்று நூறு இடத்திலும் போய் உட்கார்ந்துவிட்டது. அரைப்புள்ளி இல்லாவிட்டாலும் பிரவுசர் எண்ணைப் புரிந்துகொண்டு < காட்டிவிடும், அதனால்தான் கோட் சரியாக வந்தது போலத் தெரிந்து, ந மட்டும் மிச்சமாக நிற்கிறது. &#60ந என்பதை &#60; என்று மாற்றுங்கள், அப்படியே 62க்கும் 38க்கும். மறக்காமல் விசைப்பலகையை ஆங்கிலத்துக்குத் திருப்பிக்கொண்டு செய்யுங்கள்.

ஆனால் ஒன்று, அரைப்புள்ளி இல்லாமலே தெரிகிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். அடுத்து வருவது ஒரு எண்ணாக இருந்தால் மொத்தமும் சேர்ந்து வேறு எழுத்தாகிவிடும். விலைப்பட்டியல் என்பதால் சொல்கிறேன், அதில் எண்தானே நிறைய. மூடும் குறியின் எண்ணுக்கு அரைப்புள்ளி போடாமல் பக்கத்திலேயே விலை 30 என்று எழுதினால் 62, 30 இரண்டும் ஒட்டி 6230 ஆகிவிடும், எந்த மொழி எழுத்தோ வந்து நிற்கும்.

ஒண்டிக்கடை டீச்சர்

சரியாகிவிட்டது! ந எல்லாம் போய்விட்டது. காலையில் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் லிங்க் அனுப்பினேன், பத்து நிமிடத்தில் காப்பி செய்து ஓட்டி, தட்டுவடை செட் விலையைத் தன் பங்குக்கு மாற்றி, பூண்டு முறுக்கு என்று ஒரு வரிசையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, போனில் நீளமான வரிகள் திரைக்கு வெளியே ஓடிவிடுகின்றன, விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அடுத்த பாடமே இந்த எண் விஷயம்தான் நடத்தலாம் என்று நினைக்கிறேன். அப்போது &#60; என்ற எழுத்தையே பக்கத்தில் காட்ட வேண்டுமே, அதை எழுதினால் < ஆகிவிடுமே, என்ன செய்ய?

குகை நெசவுக்காரர்

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், நாகலூர்த் தம்பி ஏற்கெனவே விடையைக் கொடுத்துவிட்டார். அவர் தவறுதலாகச் செய்ததை நீங்கள் தெரிந்தே செய்ய வேண்டும். &#38;#60; என்று எழுதுங்கள். பிரவுசர் முதல் பகுதியை & ஆக்கிவிட்டு மேலே போய்விடும், மாற்றியதைத் திரும்ப வந்து இன்னொரு முறை வாசிக்காது. அதனால் பக்கத்தில் &#60; என்று நிற்கும்.

போன் விஷயத்துக்கு, பிரீ டேக்குக்கு ஒரு ஸ்டைல், அதாவது தோற்றத்துக்கான விதி, கொடுக்க வேண்டும். ஒயிட்-ஸ்பேஸ் என்ற பண்புக்கு பிரீ-ராப் என்ற மதிப்பு கொடுத்தால் இடைவெளியும் வரிப்பிளவும் அப்படியே இருக்கும், நீளமான வரி மட்டும் திரை ஓரத்தில் மடங்கி அடுத்த வரிக்கு வரும். காப்பி செய்யும்போது அந்த மடிப்பு ஒட்டிக்கொண்டு வராது, பயப்பட வேண்டாம். சின்னத் திரையில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. சிலர் மடிக்காமல் பக்கவாட்டில் நகர்த்தும்படி வைப்பார்கள், அது பெரிய திரைக்கு. இன்னொன்று, உள்தள்ள டேப் விசையைப் பயன்படுத்தாதீர்கள், பிரவுசர் ஒரு டேப்பை எட்டு இடைவெளி அகலத்துக்குக் காட்டும், டேபிளுக்குள் மூன்று அடுக்கு போவதற்குள் போன் திரை தீர்ந்துவிடும். இரண்டு இடைவெளி போதும்.

டேக்குக்குள் வரும் மேற்கோள் குறியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சில எடிட்டர்கள் நேரான " குறியைத் தானாக “ ” என்று வளைத்துவிடும். பிரீ, கோட் டேக்குக்குள் பெரும்பாலும் வளைக்காது, ஆனால் பத்திக்கு நடுவே எழுதும் சின்னக் கோடுத் துண்டுகளில் வளையும். வளைந்த குறியோடு காப்பி செய்தால் பிரவுசர் அதை மேற்கோளாக எடுக்காது, மதிப்பின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளும், பிள்ளை கொடுத்த நிறம் வராது. பத்திக்கு நடுவே வரும் ஒரே ஒரு டேக்கைக்கூடக் கோட் டேக்குக்குள் வைத்துவிடுங்கள்.

மரவனேரி

அண்ணா, நான் கல்லூரியில் பைத்தான் என்ற நிரல் மொழி படிக்கிறேன். இந்த மாற்றும் வேலையை அதில் செய்ய முடியுமா? டீச்சருக்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

குகை நெசவுக்காரர்

புதிதாக எழுத வேண்டாம் தம்பி, பைத்தானோடு வரும் எச்டிஎம்எல் என்ற மாட்யூலில் எஸ்கேப் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. & குறியை முதலில் மாற்றும், பிறகு கோணக் குறிகள், மேற்கோள் குறிகளையும் சேர்த்தே மாற்றிவிடும். கோப்பைப் படித்து, அதைக் கூப்பிட்டு, இன்னொரு கோப்பில் எழுத நான்கைந்து வரி போதும். எழுதிக் கொடுங்கள், நல்ல காரியம்.

ஒண்டிக்கடை டீச்சர்

தம்பி, எழுதினால் வகுப்புக்கே வந்து காட்டுங்கள். ஞாயிறு நாலு மணிக்கு, பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்கு இங்கேயே ஒரு செய்தி போட்டால் யாரையாவது அனுப்புகிறேன். அன்றைக்கு எண் பாடம், முதல் வேலையாக ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை எண்ணில் எழுதப் போகிறது.